எந்த மருந்து?

அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தது போன ஆடி மாசம். இலங்கை மலையகத்தில், எங்கள் தலவாக்கலைப் பக்கம் அந்த மாசத்து மழை எப்படியிருக்கும் என்று இங்கே உள்ளவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தோட்டத்துத் தொழிலாளர் வீட்டு வரிசையான எங்கள் லயத்திலிருந்து தார் ரோட்டுக்கு இறங்கவே இருபது நிமிஷம். ஓட்டோ கிடைத்து ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது அப்பாவின் சட்டை மழையில் நனைந்ததா வியர்வையில் நனைந்ததா என்று தெரியவில்லை. சின்ன அட்டாக்தான், நேரத்துக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள் என்றார்கள். ஐந்து நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். நன்றாகத்தான் பார்த்தார்கள், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என்னை இன்றுவரை குடைந்துகொண்டிருப்பது அதற்குப் பிறகு, முதல் கிளினிக் நாளில் நடந்த ஒரு விஷயம். நடந்து முடிய ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

டொக்டர் சிங்களவர். இளம் வயது, பொறுமையான மனுஷர். புதுக் கொப்பியில் எழுதிக்கொண்டே ஒவ்வொன்றாகக் கேட்டார். சிகரெட்? இல்லை. குடி? சம்பள நாளில் மட்டும். வெற்றிலை? போடுவார். குடும்பத்தில் யாருக்காவது ஹார்ட் வருத்தம், சீனி வருத்தம்? இல்லை. இதற்கு முந்தி ஏதாவது மருந்து பாவித்தாரா? பக்கத்தில் நின்ற உதவியாளர் அதைத் தமிழில் கேட்டார்: "முந்தி மருந்து ஏதும் பாவிச்சிருக்கீங்களா ஐயா?" அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார்: "இருவத்தெட்டு வருஷம் மருந்துதாங்க அடிச்சேன்." உதவியாளர் டொக்டர் பக்கம் திரும்பி, மருந்து எதுவும் எடுத்ததில்லையாம் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டார். டொக்டர் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

எனக்குச் சிங்களம் நன்றாக விளங்கும். அப்பாவின் தோளைத் தொட்டபடி பக்கத்தில்தான் நின்றேன். வெளியே வாங்கில் நிறையப் பேர் காத்திருந்தார்கள், டொக்டரின் மேசையில் கொப்பிகள் அடுக்காகக் கிடந்தன, நான் வாய் திறக்கவில்லை. உப்பைக் குறைக்க வேண்டும், எண்ணெயைக் குறைக்க வேண்டும், குடியை அடியோடு விட வேண்டும், நடக்க வேண்டும் என்று சொன்னார்கள். எல்லாம் சரியான அறிவுரைதான். நடக்க வேண்டும் என்றபோது மட்டும் அப்பா என்னைப் பார்த்தார். வாழ்நாள் முழுக்க மலை ஏறி இறங்கினவர் அவர். திரும்பி வரும்போது பஸ்ஸில் மெதுவாகக் கேட்டார்: "நான் சொன்னத எழுதினாங்களா மகள்?" எழுதினார்கள் என்று சொன்னேன். அந்தப் பொய்தான் இதை எழுத வைக்கிறது.

ஒரு சொல், மூன்று அர்த்தம்

எங்கள் பக்கத்தில் மருந்து என்ற சொல்லுக்கு ஆளையும் நேரத்தையும் பார்த்துத்தான் அர்த்தம் எடுக்க வேண்டும். காலையில் அம்மா "மருந்து குடிச்சீங்களா" என்றால் அது பிரஷர் குளிசை. நடுராத்திரி யாராவது ஓடிவந்து "மருந்து குடிச்சிட்டான்" என்றால் லயமே எழுந்து ஓடும். "மருந்தடிக்கப் போயிருக்காரு" என்றால் அன்றைக்கு அவருக்குப் பேர், அதாவது நாள் சம்பளம், உண்டு, தோளில் பூச்சிமருந்து டேங்க் இருக்கிறது. சிங்களத்திலும் இப்படித்தான், பெஹெத் என்ற ஒரே சொல்தான் ஆஸ்பத்திரியிலும் தோட்டத்திலும். அதனால் அந்த உதவியாளரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரிக்குள் நின்று கேட்கும்போது மருந்து என்றால் குளிசைதான் என்று யாரும் நினைப்பார்கள்.

யோசித்துப் பார்த்தால் இந்த நாட்டில் பூச்சிமருந்தைப் பற்றிப் பெரிய பேச்சு எழுந்ததெல்லாம் இரண்டு காரணத்துக்காக. ஒன்று, அதைக் குடித்து இறந்தவர்கள். 1995இல் மொனோகுரோட்டோபொஸ், மெத்தமிடோபொஸ், 1998இல் என்டோசல்பான், 2008க்கும் 2011க்கும் இடையில் பரகுவாட் என்று ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினார்கள். தொண்ணூறுகளின் நடுவில் உலகத்திலேயே மிக அதிகமாக இருந்த தற்கொலை விகிதம் இருபது வருஷத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்தது. எத்தனை ஆயிரம் உயிர் பிழைத்தது என்று நினைத்தாலே நெஞ்சு நிறைகிறது. இரண்டாவது, வடமத்தியப் பகுதியான ரஜரட்டையின் கிட்னி வருத்தம். அதற்குக் காரணமோ என்ற சந்தேகத்தில்தான் 2015இல் கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லியைத் தடை செய்தார்கள், 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் திரும்ப அனுமதித்தார்கள். குடித்தால் சாவு, தண்ணீரில் கலந்தால் கிட்னி என்ற பயம். இந்த இரண்டுக்கும் நடுவில், குடிக்காமல், தோலாலும் மூச்சாலும் இருபத்தெட்டு வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்ட ஒரு மனுஷனின் இதயத்துக்கு என்ன ஆகும் என்று யாரும் கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை.

நீலக் கேன்

அப்பா மருந்தடிக்கத் தொடங்கியது 1986இல், இருபத்து மூன்று வயதில். முதுகில் 16 லீற்றர் டேங்க். மூடியின் வாஷர் தேய்ந்துவிட்டால் குனியும்போதெல்லாம் கழுத்துக்குப் பின்னால் ஒழுகும். வீட்டுக்கு வரும்போது சட்டையின் முதுகுப்பக்கம் ஒரு தீவு மாதிரி நனைந்திருக்கும். கோட்டும் முகக்கவசமும் கொடுத்த வருஷங்களும் உண்டு, கொடுக்காத வருஷங்களும் உண்டு. கொடுத்தாலும் அந்தச் சரிவில் அதைப் போட்டுக்கொண்டு ஏறினால் மூச்சு முட்டும் என்று கழற்றிவிடுவார்கள். தோட்டத்தில் களைக்கொல்லி. ஞாயிற்றுக்கிழமைகளில் கைக்காசுக்கு நானுஓயாப் பக்கம் மரக்கறித் தோட்டங்களில் உருளைக்கிழங்குக்கும் லீக்ஸுக்கும். உருளைக்கிழங்கு கருகாமல் இருக்க ஒரு மஞ்சள் தூளைத் தண்ணீரில் கரைப்பார். கரண்டி, குச்சி எல்லாம் எங்கே இருக்கும், கையால்தான் கலக்குவார். வெட்டிய நகத்தின் ஓரத்தில் அந்த மஞ்சள் திங்கட்கிழமை வரை இருக்கும்.

பீலியிலிருந்து தண்ணீர் எடுக்க எங்கள் வீட்டில் இருந்தது ஒரு நீலக் கேன். 5 லீற்றர் பிடிக்கும், கைப்பிடி உறுதியானது, சின்னப் பிள்ளை தூக்குவதற்கு அளவானது. மருந்து முடிந்த கேன். அம்மா சாம்பல் போட்டுக் கழுவினார், சவர்க்காரம் போட்டுக் கழுவினார், கொதிதண்ணீர் ஊற்றி மூடி வைத்துக் குலுக்கினார். லேபிளைக் கத்தியால் சுரண்டியும் ஒரு ஓரத்தில் விரல் அகலத்துக்குச் சிவப்புப் பட்டை மிஞ்சியிருந்தது. குளிர் நாளில் அதில் ஒரு மணமும் வராது. மாசி, பங்குனி வெயிலில் இஸ்தோப்பில் காய்ந்துகொண்டிருக்கும்போது மூடியைத் திறந்தால் மட்டும், நாக்கின் அடியில் கசக்கிற மாதிரி ஒன்று வரும். நான் எட்டு வருஷம் அந்தக் கேனில் தண்ணீர் சுமந்தேன். எங்கள் லயத்தில் அப்படி ஒரு கேன் இல்லாத காம்பரா கிடையாது. அம்மா அசட்டையான ஆள் இல்லை. மூன்று தரம் கழுவினால் சுத்தம் என்று யாரும் நம்பத்தானே செய்வார்கள்.

தப்புச் சத்தம்

பாடசாலையில் நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். ஹோர்மோனைப் பிள்ளைகளுக்கு விளக்க எங்கள் வீட்டுக் கதையைத்தான் எடுப்பேன். அந்தக் காலத்தில் விடியக்காலை பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கூப்பிடுவதற்கு, தப்பு அடிப்பார்கள். ஒரே ஒரு ஆள், ஒரு சின்னத் தப்பு. ஆனால் அந்தச் சத்தத்துக்கு முழு டிவிசனும் எழும்பும், அடுப்பு பற்றும், கூடைகள் இறங்கும். ஹோர்மோன் அந்தத் தப்புச் சத்தம் மாதிரி. இரத்தத்தில் மிகமிகக் குறைந்த அளவில்தான் இருக்கும், உடம்பே அதைக் கேட்டு நடக்கும். இப்போது வேறு யாரோ நேரம் கெட்ட நேரத்தில் அதே தாளத்தில் தப்பு அடித்தால்? அல்லது உண்மையான சத்தம் காதில் விழாதபடி ஒரு இரைச்சலைக் கிளப்பினால்? ஹோர்மோனைக் குழப்பும் இரசாயனங்கள் செய்வது இதுதான். கொஞ்சம் போனால் ஒன்றும் ஆகாது என்ற பேச்சு இங்கே பலிக்காததற்கும் அதுவே காரணம்.

இதயம் இந்தச் சத்தங்களை நிறையவே கேட்கிற உறுப்பு. தைரோய்ட் ஹோர்மோன் கூடினால் அதன் துடிப்பு வேகமாகும், குறைந்தால் மெதுவாகும். அந்த ஹோர்மோன் குறைந்தால் கல்லீரல் கெட்ட கொலஸ்ட்ரோலை இரத்தத்திலிருந்து இழுத்தெடுப்பதும் குறையும், அது குழாய்ச் சுவரில் போய்ப் படியும். ஈஸ்ட்ரஜன் இரத்தக் குழாய் விரிந்து சுருங்க உதவுகிறது. அட்ரினல் சுரப்பியின் ஹோர்மோன்கள் உப்பையும் பிரஷரையும் பிடித்து வைத்திருக்கின்றன. அப்பா கையால் கலக்கிய அந்த மஞ்சள் தூள் மென்கோசெப். உடம்புக்குள் அது உடையும்போது வருகிற ஒரு பொருள் தைரோய்ட் ஹோர்மோன் உருவாவதையே தடுக்கும். ஹோர்மோனைக் குழப்புகிறது என்பதையும் ஒரு காரணமாகச் சொல்லித்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2020 கடைசியில் அதன் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. 1998 வரை அப்பா மரக்கறிக்கு அடித்த என்டோசல்பான் ஈஸ்ட்ரஜனைப் போல நடிக்கிற ஒன்று. 2011இல் அது, உலகமெங்கும் ஒழிக்க வேண்டிய இரசாயனங்களைக் குறிக்கிற ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்ந்தது. அடிக்கிற மருந்தெல்லாம் ஹோர்மோன் வழியாகத்தான் கெடுக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. சில மருந்து நரம்பைத் தாக்கும், சில நுரையீரலை. ஆனால் அப்பாவின் கையில் பட்டவற்றில் இந்த இனமும் இருந்தது, அதில் சந்தேகம் இல்லை.

படித்ததில் என்னை அசைத்தது ஹவாய்த் தீவில் நடந்த ஆய்வு. கரும்புத் தோட்ட வேலைக்காக ஜப்பானிலிருந்து கப்பலில் கொண்டுபோகப்பட்டவர்களின் வம்சம் அங்கே பெரியது. கப்பல் ஏறிப்போன தோட்டத் தொழிலாளியின் பிள்ளைகள் என்று வாசித்ததும் எனக்கு வேறு யார் நினைவு வரும். 1965க்கும் 1968க்கும் இடையில் ஓவாஹு தீவில் ஜப்பானிய வம்சாவளி ஆண்களை, 45 வயதிலிருந்து 68 வயது வரை உள்ளவர்களை, ஒரு இதய ஆய்வில் சேர்த்தார்கள். சேர்க்கும்போதே என்ன வேலை செய்கிறீர்கள், பெரும்பாலான காலம் என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். பல பத்தாண்டுகள் கழித்து, எந்த வேலையில் எவ்வளவு பூச்சிமருந்து படும் என்ற அளவுகோலை வைத்து 7,500க்கும் மேற்பட்டவர்களின் விபரத்தைத் திரும்பப் பார்த்தார்கள். அதிகமாக மருந்து பட்ட வேலைகளில் இருந்தவர்களுக்கு முதல் பத்து வருஷத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வரும் ஆபத்து சுமார் 45 சதவீதம் கூடுதலாக இருந்தது. முடிவு வெளிவந்தது 2019இல். இப்படிப்பட்ட ஆய்வு ஒரு தொடர்பைக் காட்டும், தனி ஒரு ஆளின் அட்டாக்குக்கு இதுதான் காரணம் என்று காட்டாது. எங்கள் அப்பாவுக்கு மருந்தால்தான் வந்தது என்று நானும் சொல்ல முடியாது, வெற்றிலையும் சம்பள நாள் சாராயமும் வயதும் எல்லாம் கணக்கில் உண்டு. ஆனால் அந்த 45 சதவீதம் கண்ணில் பட்டதற்கு ஒரே காரணம், 1965இல் யாரோ ஒருவர் கேள்வித்தாளில் வேலையைப் பற்றிய வரியைச் சேர்த்ததுதான். அந்த வரி இல்லையென்றால் அவர்களுடைய கொப்பியிலும் ஒரு கோடுதான் இருந்திருக்கும்.

வியட்நாமில் 1962இலிருந்து 1971 வரை அமெரிக்கப் படை களைக்கொல்லி தெளித்தது. அதில் டயொக்சின் என்ற நச்சு கலந்திருந்தது. அதைத் தெளித்த, அதில் நடந்த தங்கள் சிப்பாய்களின் உயர் இரத்த அழுத்தத்தை அதனால் வந்ததாக ஏற்றுக்கொள்ள அமெரிக்கா 2022இல்தான் சட்டம் செய்தது. கொப்பியில் ஒரு வரி ஏறுவதற்கு எத்தனை வருஷம் காத்திருக்கிறார்கள் பாருங்கள்.

அடுப்படியிலும்

மருந்து டேங்கோடு இது முடிந்துவிடுவதில்லை. அம்மா மலைக்குப் போன காலமெல்லாம் கொதிக்கக் கொதிக்க வெறுந்தேத்தண்ணியைச் சோடாப் போத்தலில் ஊற்றிப் பழைய துணியால் சுற்றிக் கொண்டுபோவார். சூட்டில் போத்தலின் இடுப்பு சுருங்கிப்போகும், அடுத்த நாளும் அதே போத்தல்தான். ஹோர்மோனைக் குழப்புகிற பிஸ்பினோல் ஏ என்ற பொருள் அதிலிருந்து வருகிறது என்று பலர் சொல்கிறார்கள், அது தவறு, அந்த இனப் பிளாஸ்டிக்கில் அது சேர்வதில்லை. அது இருப்பது கெட்டியான பொலிகாபனேட்டிலும், எங்கள் மாசக் கடைசியைக் காப்பாற்றுகிற டின்மீன் போன்றவற்றின் டின்னுக்கு உட்புறம் பூசுகிற பூச்சிலும்தான். ஆனாலும் எந்தச் சோடாப் போத்தலும் கொதிதண்ணீரைத் தாங்குவதற்கென்று செய்யப்படுவதில்லை. அதை விட்டுவிடச் சொல்ல எனக்கு இவ்வளவு போதும்.

டின் விஷயத்தில் தென்கொரியாவின் சோல் நகரில் செய்த ஒரு சோதனை தெளிவானது. 60 வயது தாண்டிய 60 பேர். ஒரே சோயாப் பாலை ஒரு நாள் கண்ணாடிப் போத்தலில் கொடுத்தார்கள், இன்னொரு நாள் டின்னில் கொடுத்தார்கள், இரண்டு மணி நேரம் கழித்துப் பிரஷர் பார்த்தார்கள். டின்னில் குடித்த நாளில் சிறுநீரில் பிஸ்பினோல் ஏ பல மடங்கு ஏறியிருந்தது, மேல் பிரஷர் சுமார் நாலரை கூடியிருந்தது. அதே ஆள், அதே பால், பாத்திரம் மட்டும்தான் வேறு. நாலரை ஒரு ஆளுக்குச் சின்ன எண்தான், பல வருஷமாகத் தினமும் ஏறினால் சின்ன எண் இல்லை. 2023இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு இந்தப் பொருளுக்கு முன்பு வைத்திருந்த தினசரி வரம்பை இருபதாயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. இதில் ஒரு நல்ல செய்தி, இது உடம்பில் தங்குவதில்லை, ஒரு நாளுக்குள் பெரும்பாலும் வெளியேறிவிடும். நிறுத்தினால் இறங்கும்.

சுடுசோற்றைக் கட்டுகிற பொலித்தீன் லஞ்ச் சீட்டை 2017இல் தடை செய்தபோது, குப்பைக்காக என்றுதான் நானும் நினைத்தேன். 2024இல் இத்தாலிய மருத்துவர்கள், 257 பேரின் கழுத்து இரத்தக் குழாயிலிருந்து வெட்டி எடுத்த கொழுப்புப் படிவுகளைப் பார்த்ததில், 150 பேரின் படிவுக்குள் பொலித்தீன் துணுக்குகள் இருந்ததாக எழுதினார்கள். அடுத்த மூன்று வருஷத்துக்குள் மாரடைப்போ பக்கவாதமோ மரணமோ நேரும் ஆபத்து அவர்களுக்கு மற்றவர்களைவிட நாலரை மடங்கு. அதிலும் காரணம் இதுதான் என்று முடிவாகவில்லை. ஆனாலும் அதை வாசித்த இரவு, லஞ்ச் சீட்டில் ஒட்டிக்கொண்டு வருகிற சூடான பருப்பை விரலால் வழித்துச் சாப்பிட்ட எத்தனையோ பகல்கள் ஞாபகம் வந்தன.

இதைப் படித்துவிட்டு யாரும் தங்கள் பிரஷர் குளிசையைத் தள்ளி வைத்துவிட வேண்டாம், கையெடுத்துக் கேட்கிறேன். உப்பைக் குறைக்கச் சொன்னது உண்மை, குளிசை உயிரைக் காப்பது உண்மை. உப்பைப் பற்றிக் கேட்கிற அதே அக்கறையோடு வேலையைப் பற்றியும் கேட்க வேண்டும், அவ்வளவுதான் நான் சொல்வது. தோட்டத்து ஆளுக்கு வருத்தம் வந்தால் குடி, வெற்றிலை, கவனக்குறைவு என்று அவன் பக்கமே விரல் நீட்டிப் பழகிவிட்டோம். அவன் முதுகில் ஏற்றியது என்ன என்று ஒரு தரமாவது கேட்டுவிட்டு நீட்டட்டும்.

கொப்பியின் பின்பக்கம்

மூன்றாவது கிளினிக்குக்கு முந்தின இரவு அப்பாவை உட்காரவைத்து எழுதத் தொடங்கினேன். முதலில், அன்றைக்கு அவர் சொன்னதை யாரும் எழுதவில்லை என்று சொன்னேன். கொஞ்ச நேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் "சரி, எழுது" என்றார்.

அவருக்குப் பெயர்கள் தெரியாது. நிறமும் மணமும் தெரியும். "கரும்பச்சையா ஒண்ணு, கிட்ட போனாலே வயித்தப் பொரட்டும்." அது பரகுவாட், யாரும் குடித்துவிடக் கூடாதென்று அதில் நாற்றமும் வாந்திக்கு ஒரு மருந்தும் சேர்த்திருந்தார்கள். "மஞ்சத் தூளு, அதுக்கு மணமில்ல, கையில பட்டா ஊறும்." வருஷங்களை என்னை வைத்து நினைவுபடுத்தினார். "இன்னொண்ண நிப்பாட்டினப்ப நீ மூணாம் வகுப்பு. சப்பாத்து வாங்கித் தரல்லன்னு அழுதியே, அந்த வருஷம்." நான் அதைச் சிங்களத்தில் எழுதினேன். பெஹெத் என்ற சொல்லை ஒரு இடத்திலும் போடவில்லை. களைக்கொல்லிக்கு வல்நாஷக என்று தெளிவாக எழுதினேன். 1986 முதல் 2014 வரை, கிழமைக்கு எத்தனை நாள், கையுறை உண்டா இல்லையா. ஒரு பக்கம் வந்தது. பசை தடவிக் கொப்பியின் பின்னட்டையில் ஒட்டினேன்.

அன்றைக்கு வேறு ஒரு டொக்டர். கொப்பியைப் புரட்டிக்கொண்டே போனவர் பின்பக்கத்தில் நின்றார். முழுவதையும் வாசித்தார். அப்பாவின் கையை வாங்கி விரல்களைப் பார்த்தார், கழுத்தைத் தடவிப் பார்த்தார், தைரோய்ட் எப்போதாவது சோதித்திருக்கிறார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். ஒரு துண்டில் இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். பிறகு பேனாவைத் திருப்பி, கொப்பியின் முதல் பக்கத்தில் அந்தக் கோடு இருந்த இடத்துக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரி எழுதினார்.

பஸ்ஸில் அப்பா ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். லிந்துலைச் சந்தி தாண்டும் வரை பேசவில்லை. அதற்குப் பிறகு திரும்பி, "இன்னொண்ணு இருந்திச்சு மகள், வெள்ளை டின்னுல வரும், பால் மாதிரி இருக்கும், அத நாம எழுதல்லியே" என்றார். பெயர் ஞாபகம் வரவில்லை. பழைய லயத்து மாமாவும் அவரோடுதான் அடித்தார், அவருக்குத் தெரிந்திருக்கும் என்று, வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்த கையோடு குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.